கோ-கோ களத்துக்கு வந்த சிமெண்ட் மூட்டைகள்

எனக்கு முதுகில் அடி வாங்கப் பிடிக்கும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் வீட்டுக்காரர்கூட ஒருமுறை சிரித்தார். நான் முறைத்த முறைப்பில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கோ-கோ விளையாடியவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். எட்டுப் பேர் ஒரே வரிசையில், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்தும் அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்தும் குந்தியிருப்போம். ஒன்பதாவது ஆள் எதிரணியைத் துரத்துவாள். எங்கள் வரிசையைக் குறுக்கே தாண்ட அவளுக்கு அனுமதி கிடையாது. அதனால் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் முதுகில் தட்டி ‘கோ’ என்பாள். தட்டு வாங்கியவள் எழுந்து ஓட வேண்டும், தட்டியவள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

நான் அஞ்சாம் நம்பர். அவள் ஒன்பதாம் நம்பர். இன்றைக்கும் என் போனில் அவள் பெயர் அப்படித்தான் இருக்கிறது. எதிரணியில் எவள் எவ்வளவு ஓடினாலும் கடைசியில் இவள் பாய்ந்து விழுந்து தொட்டுவிடுவாள். அவள் பின்னால் வரும் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். வந்தவுடன் பளீர் என்று முதுகில் ஒன்று விழும். “எந்திரிடி” என்பாள். கோ என்று சொல்வதற்கு முன்னாலேயே இந்த எந்திரிடி வந்துவிடும் என்பதால் நடுவர் இரண்டு முறை பிழை கொடுத்திருக்கிறார்.

அவள் ஏரிக்கரைத் தெரு. நான் கோயில் தெரு. இதற்கு மேல் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படாது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், அவள் அம்மா எங்கள் வயலில் களை எடுத்திருக்கிறார், எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. எங்கள் ஊரில் அவள் கை என் மேல் பட ஒரே ஓர் இடம் இருந்தது என்றால் அது பள்ளிக்கூடத்துக் களம்தான். அங்கே பட்டது என்றால் லேசாகவா பட்டது, முதுகு பழுக்கப் பட்டது.

எங்கள் மண் கரிசல். சித்திரையில் வெடிப்பு விட்டால் பாதம் உள்ளே போகும். ஐப்பசியில் நடந்தால் செருப்பு உள்ளேயே நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே விளையாட வேண்டும் என்றால் களத்தைப் பிள்ளையைப் போல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் ஆறு மணிக்கெல்லாம் ஏரியிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து தெளிப்போம். கட்டியை உடைத்து உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்துவோம். யார் வீட்டுக் குடம் என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. அப்படி ஒரு பயிற்சியோடு பெரம்பலூருக்குப் போட்டிக்குப் போய் ஜெயித்துவிட்டு வந்தோம். வாத்தியார் சந்தோஷத்தில் வேனைத் திருப்பி ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அழைத்துப் போனார். கோட்டை மேல் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் நானும் அவளும் புளிச்சோறு சாப்பிட்டோம். இறங்கி வரும்போதே அவள், “வூட்டுல சொல்லிடாதடி” என்றாள். நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை அப்போது நான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிளஸ் டூ முடிந்த கையோடு எனக்குக் கல்யாணம். அவளுக்கு நானே பத்திரிகை கொடுத்தேன், அதுவும் பள்ளிக்கூட வாசலில் வைத்து. வந்தாள். பந்தலுக்கு வெளியே நின்று யாரிடமோ ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கொடுத்தனுப்பிவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டாள். நான் மணவறையிலிருந்து பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறக்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வாய் நீளம் என்று பெயரெடுத்தவள் அன்றைக்குப் பார்த்து ஊமையாகிவிட்டேன். அப்புறம் ஒருமுறை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, “நல்லாருக்கீங்களா” என்று கேட்டாள். ங்க போட்டுக் கேட்டாள். அவள் ஏறிய திருப்பூர் பஸ் போன பிறகும் நான் நின்றுகொண்டே இருந்தேன்.

இருபத்தைந்து வருடம் இப்படியே போயிற்று. நான் அரியலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலை. போன வருடம் ஆனி மாதத்தில் பழைய மாணவர்கள் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. எங்கள் களம் முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டி, கோ-கோ கம்பம் ஒன்று சாய்ந்து கிடந்தது. இப்போது படிக்கிற பெண்கள் ரோட்டோரத்தில், சுண்ணாம்புக்கல் லாரி கிளப்புகிற வெள்ளைப் புழுதியில் பயிற்சி எடுக்கிறார்களாம். உடனே குரூப்பில் குரல் பதிவு போட்டேன். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மைதானத்தைச் சரி பண்ணலாம், முள்ளை வெட்டி, களத்தில் கரிசலை அள்ளிவிட்டுப் பூலாம்பாடிப் பக்கத்திலிருந்து செம்மண் அடிக்கலாம், பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஓர் அறை கட்டலாம் என்றெல்லாம் பேசினேன்.

சொல்லாத ஒன்றும் உண்டு. திறப்பு விழா அன்று நாங்கள் ஒன்பது பேரும் அந்த மண்ணில் ஒரே ஓர் ஆட்டம் ஆட வேண்டும். ஒன்பதாம் நம்பர் பின்னால் ஓடிவந்து என் முதுகில் ஒன்று வைக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பிள்ளைகளுக்காகச் செய்கிறேன் என்று ஊரே மெச்சியது. பிள்ளைகளுக்காகவும்தான் செய்தேன்.

வசூலை எடுத்துச் செய்ய ஒருவர் முன்வந்தார். எங்களுக்கு இரண்டு வருடம் சீனியர், சொந்தமாக ரெண்டு லாரி வைத்து ஓட்டுகிறவர். நாங்கள் லாரி அண்ணன் என்போம். நல்ல மனுஷன், ஆனால் எதையும் கட்டினால்தான் செய்ததாக நினைப்பார். முதல் மாதம் பணம் சரியாக வரவில்லை. ஊரில் பருத்தி விலை இறங்கியிருந்த நேரம், கேட்டால் அடுத்த மாதம் என்றார்கள். அப்போது நான்தான் வாயைக் கொடுத்தேன். எங்கள் பக்கம் சொந்தக்காரர் வீடு கட்டினால் பாத்திரம் பண்டத்துக்குப் பதிலாக சிமெண்ட் மூட்டை எடுத்துக் கொடுப்பது வழக்கம். வீட்டுக்கு ஒருவர் ஏதாவது ஓர் ஆலையில் இருப்பார், மூட்டை எப்படியும் சகாயத்தில் கிடைத்துவிடும். அதை நினைத்து, “பணமா முடியாதவங்க மூட்டையாக் குடுங்க, அறைக்கும் சுவத்துக்கும் ஆவும்” என்று பதிவு போட்டேன்.

மூட்டை வந்தது. எப்படி வந்தது தெரியுமா, ஆலத்தியூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஒன்று, டிராக்டரில் பத்து என்று வந்துகொண்டே இருந்தது. அவன் மூன்று கொடுத்தால் இவன் நான்கு கொடுத்தான். எட்டாம் வகுப்பு அறை முழுக்க அடுக்கி, ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் வேப்பமரத்தடியில் படித்தார்கள். தலைமை ஆசிரியர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட்டார். அது நன்றியா, விட்டுவிடு என்று கெஞ்சலா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் இன்னொன்றும் சொன்னேன். லாரி அண்ணன், “ஏரிக்கரைத் தெருவுல யாரு போயி கேக்கறது தங்கச்சி?” என்று கேட்டார். “அங்க வேணாம்ணே. அன்னாடம் வேலைக்குப் போறவங்க. அவங்களத் தொந்தரவு பண்ண வேணாம்” என்றேன். குரூப்பில் எனக்குக் கைகூப்பிய பொம்மைகள் குவிந்தன. நல்ல மனசு என்று ஒருத்தர் எழுதினார். அன்றைக்கு முழுக்க எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

அவள் நம்பரை ஒருவழியாகப் பிடித்துப் போன் செய்தேன். முதலில் அடையாளம் தெரியாமல், “சொல்லுங்க, யாரு” என்றாள். அஞ்சாம் நம்பர் என்றேன். சிரித்துவிட்டாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராம், அவளுக்குக் கீழே நாற்பது பேர் வேலை பார்க்கிறார்களாம். களத்தைப் பற்றிச் சொன்னேன்.

“செம்மண்ணா?” என்றாள்.

“பூலாம்பாடி செம்மண்ணு. எப்படி விழுந்தாலும் முட்டி தேயாது. தீவாளி லீவுக்கு வருவல்ல, மறுநாள் வெச்சுக்கலாம். ஒன்பது பேரும் ஒரு ஆட்டம்.”

“நான் என்ன தரணும்?”

“நீ ஒண்ணும் தர வேணாம். நீ வந்து நின்னாப் போதும்.”

பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், “வரப் பாக்குறேன்” என்றாள். அந்தப் பேச்சில் ங்க இல்லை. நான் கடையில் ஆதார் நகல் எடுக்க வந்தவரிடம் காசு வாங்க மறந்துபோனேன். அவள் ஏன் பேசாமல் இருந்தாள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

புரட்டாசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மாமியாருக்கு முழங்காலில் ஆபரேஷன். திருச்சி ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் நான்தான் கூட இருந்தேன். லாரி அண்ணன் போனில், “வேலை ஜரூரா நடக்குது, நீ அத்தையப் பாரு” என்பார். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்புதான் ஊருக்கு வந்தேன். பையை வைத்த கையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

ரோட்டோரம் முழுக்கச் சுவர். உள்ளே உடை மாற்றும் அறை, மேடை, உட்கார்ந்து பார்க்க ஐந்து வரிசைப் படி, கொடிக்கம்பத்துக்குப் பீடம். எல்லாம் அருமை. அப்புறம் களத்தைப் பார்த்தேன். இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரைக்கும், இரண்டு பக்கமும் ஓடும் இடம் உட்பட, வழுவழுவென்று சிமெண்ட் போட்டிருந்தார்கள். கோடெல்லாம் மஞ்சள் பெயிண்டில் இழுத்திருந்தது.

“மழை பேஞ்சு அரை மணி நேரத்துல காஞ்சிடுச்சு பாரு தங்கச்சி” என்றார் லாரி அண்ணன். முகமெல்லாம் சிரிப்பு. “இனிமே வெடிப்பும் கெடையாது, சேறும் கெடையாது.”

“மண்ணு எங்கண்ணே?”

“மூட்டை மிஞ்சிப் போச்சும்மா. மழையில கல்லாயிடும்ல. குடுத்தவன் ஒவ்வொருத்தனும் என் மூட்டை எங்க என் மூட்டை எங்கன்னு வந்து நிக்கிறான். உனக்குத்தான் புள்ளைங்க கால்ல சேறு ஆவக் கூடாதேன்னு கவலை. அதான் உனக்குச் சொல்லாம வெச்சிருந்தோம்.”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது. இதில் பாய்ந்து விழுந்தால் பிள்ளைக்குப் பல் மிஞ்சுமா என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. அந்த மனுஷன் படித்த காலம் முழுக்க வாலிபால் ஆடியவர், கோ-கோவில் விழுவார்கள் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. என் முகத்தைப் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டது. மூட்டை கேட்டவள் யார் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. ஊர் முழுக்க சிமெண்டைக் கையில் வைத்திருக்கிறவர்களிடம் போய் சிமெண்ட் கேட்டால் வேறு என்ன செய்வார்கள்.

தீபாவளிக்கு மறுநாள் விழா. ஒன்பதில் ஆறு பேர் வந்தோம். அவள் வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், கொஞ்சம் சதை போட்டிருந்தாள், நடை மட்டும் அதே நடை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். களத்தைப் பார்த்தாள். குனிந்து உள்ளங்கையை அந்தச் சிமெண்டில் வைத்துத் தடவிவிட்டு எழுந்தாள். படிக்கட்டுப் பக்கம் போய், மூட்டை கொடுத்தவர்கள் பெயரைப் பொறித்த கல்லைப் படிக்க ஆரம்பித்தாள். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தாள்.

பின்னாலேயே போய் நான் புலம்பித் தீர்த்தேன். நாசம் பண்ணிவிட்டார்கள், நான் ஊரில் இல்லாமல் போய்விட்டேன் என்றெல்லாம் சொன்னேன். அவள் படித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு இருந்த ஆத்திரத்தில், அவசரத்தில், “இத ஒடைச்சிடலாம்டி. உங்க தெருவுல கொத்தனாருங்க நெறையப் பேரு இருக்காங்கல்ல. ரெண்டு நாள் வேலை. நீ ஒரு வார்த்தை சொன்னா வருவாங்க” என்றேன்.

அவள் விரலைக் கல்லிலிருந்து எடுத்தாள்.

“கட்டறப்ப எங்க தெருவுல ஒரு மூட்டை கேக்கல” என்றாள். “ஒடைக்கிறதுக்கு ஆள் கேக்குறீங்க.”

குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சண்டை போட்டிருப்பேன்.

“உங்களத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான்” என்று ஆரம்பித்தேன். நானும் ங்க போட்டுவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

“தெரியும். நீங்கதான் வேணாம்னீங்கன்னு சொன்னாங்க. கோயில் தெருவுலேர்ந்து வருவாங்கன்னு எங்கம்மா ஆடி மாசமே ரெண்டு மூட்டை வாங்கி வெச்சிருந்துச்சு. பக்கத்து வூட்லயும் வாங்கி வெச்சிருந்தாங்க. யாரும் வரல. மழையில நனைஞ்சு வாசல்ல கல்லாக் கெடக்குது.” கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “இந்தச் செவுரு பூசுனது, இந்தப் படி கட்டுனது எல்லாம் எங்க ஆளுங்கதான். கூலிக்கு வந்தாங்க. வரேங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

போட்டோவுக்கு மீதி ஐந்து பேர் சிமெண்டில் வரிசையாக உட்கார்ந்தோம். எல்லோரும் கேமராவைப் பார்த்தே உட்கார்ந்தோம். எனக்கு முதுகு கூசியது. அங்கேயே அழுதிருப்பேன், நாலு பேர் பார்க்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

லாரி அண்ணனை ஒரு வாரம் படுத்தி எடுத்தேன். கடைசியில், சிமெண்ட் அப்படியே இருக்கட்டும், பிள்ளைகள் அதில் கேரம்போர்டு வைத்து ஆடட்டும், கிழக்கே கருவேலம் வெட்டிய இடத்தில் புதுக் களம் போட்டுச் செம்மண் அடிக்கலாம் என்று முடிவானது. இந்த முறை மூட்டை கிடையாது, வீட்டுக்கு இவ்வளவு என்று பணம்தான். யார் எந்தத் தெரு என்று பிரித்தபோது, “ஏரிக்கரைத் தெரு எனக்கு” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். கோயில் தெருவிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். நாற்பத்துமூன்று வயதில் அந்தத் தெருவுக்குள் முதல் தடவையாகக் கால் வைத்தேன். கூரை வீடுகள் என்று மனசில் வைத்திருந்தேன், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தூரத்திலிருந்து பார்த்தது. இப்போது பாதிக்கு மேல் மாடி வீடு. ஒரு வாசலில் நர்ஸ் வேலைக்குக் கிளம்பிய பெண் ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்னாடங்காய்ச்சிகள் என்று நான் இரக்கப்பட்டது யாருக்கு என்று வெட்கமாக இருந்தது.

அவள் அம்மா வீட்டை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் இரண்டு மூட்டை, காகிதம் கிழிந்து, சாம்பல் கல்லாகக் கிடந்தன. ஒன்றின் மேல் துணி துவைத்த ஈரம் இருந்தது.

“வாங்கம்மா, என்ன இவ்ளோ தூரம்” என்று எழுந்தார். காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது.

“வசூலுக்கு வந்தேங்க” என்றேன். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

“எதுக்கு?”

“பள்ளிக்கூடத்துக்கு. புதுக் களத்துக்கு மண்ணு அடிக்கணும்.”

“எங்ககிட்டயா?”

“உங்ககிட்டதான். எல்லார்கிட்டயும் வாங்குற மாதிரி.”

அவர் உள்ளே போய்ப் போனை எடுத்து வந்து மகளைக் கூப்பிட்டார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவாராம். மெஷின் சத்தம் தெருவுக்கே கேட்டது.

“ஏ, கோயில் தெருவுலேர்ந்து அந்தப் பொண்ணு வந்திருக்கு. மண்ணுக்குக் காசு கேக்குது.”

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. லைன் கட்டாகிவிட்டதோ என்று அவர் போனைக் கண் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“குடும்மா” என்றாள். “எல்லாரும் குடுக்குறத நாமளும் குடு. கொறச்சுக் குடுத்துடாத.”

நான் கையை நீட்டினேன். போனை என்னிடம் கொடுக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.